வெள்ளைத் தோலில் மூன்று நீலப் பூக்கள்

அப்பா இறந்த நான்காம் நாள், இறப்புச் சான்றிதழுக்காக அவருடைய ஆதார் அட்டையைத் தேடினோம். பாகூர் வீட்டின் மாடியறை அலமாரியில், வேட்டிகளுக்கு அடியில், தட்டையான கறுப்புத் தோல் பெட்டி இருந்தது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டுதான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுவார். கேட்டால் மீட்டிங் என்பார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் என்ன மீட்டிங் என்று யாரும் கேட்டதில்லை.

சித்தப்பா ஸ்க்ரூடிரைவரால் பூட்டை நெம்பினார். உள்ளே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. இடுப்பில் கட்டிக்கொள்ளும் வெள்ளை ஆட்டுத்தோல், ஓரத்தில் வெளிர்நீலப் பட்டை. அதன்மேல் நீலத் துணியில் செய்த மூன்று பூக்கள். இரண்டு பக்கமும் வெள்ளி நிறச் சங்கிலிகள் தொங்கின. எண்ணினேன், பக்கத்துக்கு ஏழு. அடியில் ஆங்கிலச் சான்றிதழ் ஒன்று. அதில் இரண்டு தூண்கள், மூலைமட்டம், கவராயம், எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைக் கண்.

"இன்னாடா இது, ஒத்தக் கண்ணு? எங்க போயி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு எங்கண்ணன்?" என்றார் சித்தப்பா. செய்வினை என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. பெட்டியை மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்து, மேலே வேப்பிலைக் கொத்தைப் போட்டார்.

ஃப்ரீமேசன் என்ற பழைய ரகசியச் சங்கத்தின் பெயரும் சின்னங்களின் பொருளும் கைபேசியில் கால்மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. மூன்று படிகள். முதல் படிக்கு வெறும் வெள்ளைத் தோல், இரண்டாம் படிக்கு இரண்டு பூ, மூன்றாவதற்கு மூன்று. சடங்கு வாசகங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இதையெல்லாம் செய்தி வாசிப்பதுபோல் சொன்னேன். கடவுள் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் பெரும்பாலும் சேர்ப்பார்களாம் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்பா சாமி இல்லை என்றே வாழ்ந்தவர். வில்லியனூர்த் தேருக்கு அம்மாவோடு வருவார். கோயிலுக்கு வெளியே அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் நின்று பேப்பர் படிப்பார். வெள்ளிக்கிழமை அம்மா பதிகம் பாட உட்கார்ந்தால், மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்கும். அம்மா பாடுவதைப் பழித்துத்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருந்தோம்.

அதன்பிறகு அம்மாவுக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, லாட்ஜ் என்று அவர்கள் சொல்லும் அப்பாவின் சங்கக் கிளையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். கையில் வேலமரக் கொத்து. உடலோடு வைப்பது தங்கள் வழக்கம், செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது என்றார். சாவு வீட்டுக்குள் முள்கிளையா என்று சித்தப்பா வாசலை மறித்து நின்றார். அம்மாதான் உள்ளே விடச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சாமி இருக்குன்னு சொன்னாரா அவரு?"

லாட்ஜுக்குள் நடந்ததைச் சொல்ல முடியாது என்றார் பெரியவர். பிறகு, மேசைமேல் எல்லா மதத்துப் புத்தகமும் இருக்கும், ஆனால் சார் தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து அதன்மேல்தான் கை வைத்து உறுதிமொழி எடுத்தார் என்றார். பழைய பதிகப் புத்தகம். காலண்டர் தாளில் அட்டை. முதல் பக்கம் முழுக்கக் குங்குமம்.

அம்மா பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகம் அங்கேதான் இருந்தது.

"ஒரு தடவ அது காணாம ரெண்டு நாளு தேடனேன்," என்றாள். "கூட நின்னு அவரும்தான் தேடனாரு."

பெட்டி மாடியறைக்குத் திரும்பிவிட்டது. ஆட்டுத்தோலுக்கு மேல் இப்போது அந்தப் புத்தகமும் இருக்கிறது, அம்மாதான் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் புத்தகம் இல்லாமலே பாடுகிறாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிறுத்துகிறாள். மூச்சு வாங்கத் தேவைப்படுவதைவிட அதிக நேரம்.

போன வெள்ளி நானும் அங்கே இருந்தேன். மேலே அறைக்கதவு சாத்தியிருந்தது. ஏதாவது கேட்கிறதா என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் நிறுத்தியபோதெல்லாம் நானும் அசையாமல் இருந்தேன்.