அலமேலு அருவி பார்த்த நாள்

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். வேம்பாரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன். பாதி வழி நின்றுதான் வந்தேன். குடகில் மிளகு பறித்த நாட்களில் என்னோடு ஒரே அறையில் கிடந்த அண்ணாமலை, கல்வராயன் மலைக்காரன். கோடையில் ஒரு வாரம் வந்து தங்கும்படி போன் போட்டிருந்தான்.

வெள்ளிமலைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம்.

"இன்னா சார், ஃபால்ஸ் பாக்கவா?" என்றார் கண்டக்டர்.

"சிநேகிதன் வீட்டுக்கு."

"அப்ப வயித்த காலியா வெச்சிக்கினு போங்க. மேல உங்கள துன்னாம உடமாட்டாங்க."

அவர் சொன்னது சரி. வெள்ளிமலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்து வீடு சேர்ந்ததும் பலாச்சுளை, பிறகு சாமைச் சோறு, பிறகு மறுபடியும் பலாச்சுளை. பரிமாறியவள் அண்ணாமலையின் மனைவி அலமேலு. என்னை அண்ணன் என்றாள். அன்றிலிருந்து அண்ணாமலை எனக்கு மச்சான் ஆனான்.

செவ்வாய் இரவு நல்ல மழை. புதன் காலை மேகம் அருவிக்குப் போகலாம் என்றான் மச்சான். இரண்டு மணி நேர நடை.

"நீங்க போய்க்கினு வாங்கண்ணா. ஆட்ட யாரு பாக்கறது?" என்றாள் அலமேலு.

"நீ பார்க்காத அருவியா தங்கச்சி?"

"பாத்ததே இல்லிங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பிறந்தது பக்கத்து ஊர். கேரளா, கர்நாடகம் என்று வேலைக்குப் போய்வந்தவள். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கும் அருவியைப் பார்த்ததில்லை. நான் விடவில்லை. மச்சானும் சிரித்துக்கொண்டே, "வாயேன், ஆடு இன்னா உன்னத் தேடி அழுவப்போவுதா?" என்றான்.

அருவியில் அவள் புடவையோடு நின்ற நிற்பை மறக்க முடியாது. "ஐயோ, அடிக்குதுங்க! கல்லு மாதிரி அடிக்குது!" என்று கத்தினாள். வெளியே வந்தாள், மறுபடியும் ஓடினாள். மூன்று முறை.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பினோம். ஆட்டுப் பட்டி திறந்து கிடந்தது. பகலில் வீட்டில் எப்போதும் ஆள் இருப்பதால் மூங்கில் படலைச் சும்மா சாத்திவைப்பார்களே தவிர, கயிறு போட்டுக் கட்டும் பழக்கமே அந்த வீட்டில் இல்லை. அன்றும் மச்சான் சாத்திவிட்டு வந்திருந்தான். ஆடுகள் முட்டித் தள்ளிவிட்டுப் பின்சரிவில் இறங்கியிருந்தன. அங்கே ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் மரவள்ளி. மழை பட்டுத் துளிர்த்திருந்த இலை. அந்தத் துளிர் ஆட்டுக்கு விஷம் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு ஆடுகள் தரையில் கிடந்தன. கறுப்பு ஆடு தலையைப் பின்னால் வளைத்து, வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு குட்டிகள் மடியை முட்டிக்கொண்டிருந்தன.

"வெல்லம்! வெல்லம் கரைச்சிக் குடுங்க!" என்று அலமேலு கத்தினாள். வீட்டில் வெல்லம் இல்லை. என் பையில் இருந்த கருப்பட்டியை உடைத்துக் கரைத்தேன். மூங்கில் குழாயால் ஊற்றினாள். வெள்ளை ஆடு விழுங்கியது. கறுப்புக்கு ஊற்றியது வழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் உதைப்பு நின்றது.

கல்யாணமாகி வந்தபோது அவள் தாய்வீட்டிலிருந்து ஓட்டிவந்த ஆட்டின் வழியில் வந்தது அது. அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தவை கறுப்பும் அதன் குட்டிகளும்தான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஈரப் புடவையோடு குட்டிகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஊரில் ஒருவர் கறிக்குக் கேட்டு வந்தார். "வெசம் துன்ன ஆடு. நீ துன்னுட்டு நாளைக்கு உன்னையும் பொதைக்கணுமா?" என்றான் மச்சான். நானும் மச்சானும் குழி வெட்டினோம்.

அதன் பிறகு அருவி இல்லை, ஊர் சுற்றல் இல்லை. வெள்ளை ஆட்டுக்கு மடியில் பால் இருந்தது; காலையும் மாலையும் நான் அதன் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்வேன். தன் குட்டி என்று அது மோந்து நம்பட்டும் என்று, அலமேலு அதன் பாலையே குட்டிகளின் முதுகில் தடவி மடியில் விடுவாள். அது உதைத்து உதைத்து என் முழங்கால் கன்றிப்போனது. சனிக்கிழமை, நான் காலைப் பிடிக்காமலே ஒரு குட்டிக்கு நின்றது. இன்னொன்றை அது சேர்க்கவேயில்லை. அதற்குப் புட்டிப்பால்.

ஞாயிறு காலை கிளம்பினேன். எங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஊரே படுத்துத் தூங்கும். வேலையை விட்டதற்காக யாருக்கும் எதுவும் சாகாது.

அலமேலு பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள். "அடுத்த வருசமும் வாங்கண்ணா. அருவிக்கு அவுரு கூட்டிக்கினு போவாரு. நா வூட்ல இருக்கறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.