பிலிப்பு அண்ணையின் முன்பல்

"மூவாயிரம் ஒருதரம்... மூவாயிரம் ரெண்டுதரம்... ஆர் கேக்கிறது மூவாயிரத்தைஞ்ஞூறு?"

என் பல்வைத்திய நாற்காலியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரையில் சுழலும் மின்விசிறியை ஏலம் கூறுகிறார் பிலிப்பு. விசிறி என்னுடையது. கொழும்புத்துறையில் இந்தக் கிளினிக்கைத் திறந்தபோது வாங்கியது. விற்கிற எண்ணம் எனக்கில்லை என்றால், "விலை ஏறட்டும் டொக்டர் பிள்ளை, பிறகு யோசியுங்கோ" என்பார்.

விடியற்காலையில் இறங்குதுறையில் மீன் ஏலம் கூறுவது அவருடைய தொழில். கவிழ்த்த பெட்டி ஒன்றில் ஏறி நின்று கூறுவார். குட்டையான மனிதர், தோளில் துவாய், துவாயில் எப்போதும் நாலு செதில். தொழில் முடிந்தாலும் வாய் முடியாது. கன்னம் வீங்கி வேதனையோடு காத்திருப்பவரைப் பார்த்து, "நல்ல பாரமான கன்னம், ஆருக்கு?" என்று தொடங்கிவிடுவார். அந்த மனிதர் வலியிலும் சிரித்து, சிரித்ததால் இன்னும் வலித்து, என்னிடம் வந்து முறைப்பாடு வைப்பார்.

இத்தனைக்கும் பிலிப்பு மீன் சாப்பிடுவதில்லை. "விடிய விடிய அதின்ரை முகத்தைப் பாத்துப்போட்டு மத்தியானம் எப்பிடிப் பிள்ளை கடிக்கிறது?" நண்டு மட்டும் வெளுத்து வாங்குவார். நண்டுக்கு முகம் இல்லை என்பது அவருடைய கட்சி.

அந்த நண்டுதான் வினையாகியது. கால் ஒன்றைக் கடிக்கப்போய் மேல் முன்பல்லில் பாதி போயிற்று. அதன்பின் மீன் பெயர் கூவும்போது 'சூடை' என்றால் விசில் வந்தது, 'சீலா' என்றால் பெரிய விசில் வந்தது. மீன் வாங்க வந்த சனம் சிரித்தது. அடுத்த பெட்டியில் நின்று ஏலம் கூறும் கனிசியஸ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கோயில் திருநாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நேர்த்திக்கடனாக வருகிற மீனை ஏலம் கூறும் உரிமை வருடா வருடம் பிலிப்புவுக்குத்தான். விசில் அடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா?

"அந்தப் பெட்டியிலை கனிசியஸ் ஏறினானெண்டால், நான் செத்த மாதிரித்தான் பிள்ளை" என்றார். அதைச் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியிருந்தது.

உடைந்த பல்லில் ரெசின் ஒட்டி அடைப்பது பெரிய வித்தையல்ல. பல்லின் மேற்பூச்சான எனாமலில் கொஞ்சம் அமிலம் தடவி, கழுவி, காற்றூதி உலர்த்தினால் திருநீறு பூசியதுபோல் வெளிறும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் அதில் விழுந்திருக்கும். பசை அந்தக் குழிகளுக்குள் இறங்கி, நீல வெளிச்சம் பட்டு இறுகினால், மேலே வைக்கிற ரெசின் இலேசில் அசையாது. ஒரேயொரு நிபந்தனை, வெளிறிய பல்லில் எச்சில் படக்கூடாது. அதுவரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதா, பிலிப்புவா!

முதல் தடவை, பல் வெளிறிய நேரம் பார்த்து என் உதவியாளர் ஜெசிதாவின் புதுத் தோடு அவர் கண்ணில் பட்டது. "உது என்ன விலை பிள்ளை?" அவ்வளவுதான், போச்சு. அடைப்பு மறுநாள் தோசையோடு வயிற்றுக்குள் போயிற்று. இரண்டாம் தடவை தெருவில் ஐஸ்பழ வண்டி மணியடித்தது. மணிக்கு இவர் பதில் சொன்னார். அந்த அடைப்பு ஏலத்தின் நடுவே பறந்து யாரோ ஒருவரின் இறால் கூடைக்குள் விழுந்தது. விழுந்ததைவிட, "டொக்டர் பிள்ளையின்ரை வேலை பறக்குது!" என்று இவரே ஊருக்கு அறிவித்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உரும்பிராயில் வெங்காயம் நட்டு என்னைப் படிப்பித்தவர் அப்பா. அவர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்?

மூன்றாம் தடவை பொறுமை கெட்டுப்போய், வாய் முழுவதையும் மூடி ஓர் இறப்பர் விரிப்பை மாட்டி, உடைந்த பல்லை மட்டும் வெளியே நீட்டவைத்தேன். இறப்பருக்கு அடியிலிருந்தும் ஏலம் கேட்டது. ஆனால் ஒரு பொட்டு எச்சில் மேலே வரவில்லை. அடைப்பு நின்றது. விசிலும் நின்றது.

"இனி விழாதோ?" என்று கேட்டார்.

எனக்கும் பெருமை தலைக்கேறிவிட்டது. "குண்டூசித் தலை அளவு இடத்திலை ஒட்டினாலே மூண்டு கிலோ தாங்கும் அண்ணை. ஆய்வுகூடத்திலை இழுத்துப் பாத்திருக்கினம்" என்றேன்.

பிலிப்பு கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கணக்குப் பார்த்தார். "அப்ப இந்தப் பல்லு ஒரு கொடுவா மீனைத் தூக்கும்."

"ஐயோ அண்ணை, அது கணக்குக்குச் சொன்னது! பல்லைப் பிடிச்சிருக்கிற உங்கடை முரசும் தளந்துபோய்க் கிடக்கு. பல்லுச் சுத்தம் செய்ய வாங்கோ எண்டு எத்தினைதரம் சொல்லியாச்சு?"

கேட்டால்தானே.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், கனிசியஸ் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவர, பிலிப்பு கிளினிக்குக்குள் நுழைந்தார். வாய் இறுக மூடியிருந்தது. ஒரு சத்தம் இல்லை. ஜெசிதா பயந்துபோய், "அண்ணைக்கு மாரடைப்போ?" என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

"மாரடைப்பில்லை, விசர்" என்றான் கனிசியஸ். "உங்கடை பசை கொடுவாவைத் தூக்குமெண்டார். ஏலாதெண்டன். உடனை பல்லிலை தூண்டில் போடுற தங்கூசி நூலைக் கட்டி, மற்ற நுனியை மீன்ரை வாயிலை கொழுவிப்போட்டார்."

"தூக்கினவரோ?" வெட்கமில்லாமல் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"தூக்கினவர். மீன் நிலத்தை விட்டு எழும்பினது, சனம் கைதட்டினது. பிறகுதான் மீன் வாலை ஒருக்கால் அடிச்சது."

பிலிப்பு உள்ளங்கையை விரித்து, கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்ததைத் துப்பினார். வேரோடு முழுப் பல்! அதன் நுனியில் என் ரெசின், ஒரு கீறல்கூட இல்லாமல், பளபளவென்று இருந்தது.

"கீழை போட்டால் காகம் தூக்கிப்போடும், அதுதான் கொடுப்புக்குள்ளை வைச்சனான்" என்றார், புத்தம் புது விசிலோடு. "பாருங்கோ பிள்ளை, உங்கடை வேலை ஒண்டுக்கும் அசையேல்லை. என்ரை பல்லுத்தான் ஏமாத்திப்போட்டுது."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பல் ஈரம் காயாமல் வந்திருந்தது நல்ல காலம். அதைக் கழுவி, இருந்த இடத்திலேயே பொருத்தி, மெல்லிய கம்பி வைத்து, பக்கத்துப் பற்களோடு அதே பசையால் ஒட்டலாம். நாட்போக என்னாகும் என்று சொல்ல முடியாது, திருநாளுக்கு நிற்கும். ஆனால் ஆடுகிற பல்லில் இறப்பர் விரிப்பை மாட்ட முடியாது.

"அண்ணை, இந்தமுறை உங்கடை வாய்தான் காவல். ஒரு சொல்லுக் கதைச்சாலும் எல்லாம் போச்சு."

"நீங்கள் ஆறுதலாப் படுங்கோ அண்ணை" என்றான் கனிசியஸ், வாசலில் நின்றபடி. "தேவையெண்டால் திருநாளண்டு நான் ஏலம் கூறுறன். இப்ப பழகினாலும் சரிவரும்."

விறைப்பூசி போட்டேன். பல்லை இருத்தினேன். கம்பியை வளைத்து, அமிலம் தடவி, கழுவி உலர்த்தினேன். ஆறு பற்கள் வரிசையாக வெளிறின. அந்த நேரம் பார்த்து வெளியே கனிசியஸ் தொண்டையைச் செருமினான்.

"கொடுவா எண்ணாயிரம்... எண்ணாயிரம்... ஆரும் இல்லையே? சரி, ஏழாயிரத்துக்குக் கொண்டுபோங்கோ!"

ஏலத்தில் விலையை இறக்குகிறான்! என் கையில் பசைத் தூரிகை அந்தரத்தில் நின்றது. பிலிப்புவின் கண்கள் பிதுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, நாக்கு ஓரத்தில் சுருண்டு கிடந்தது, ஒரு சொல் வரவில்லை. வலது கை மட்டும் நாற்காலியிலிருந்து மெல்ல எழும்பி, வாசல் பக்கம் ஒரு விரலை நீட்டி, மேலே, மேலே, இன்னும் மேலே என்று காட்டிக்கொண்டிருந்தது.