புவனேந்திரன் காட்டிய லண்டன்

சந்தியில் வான் திரும்பும் முன்னமே புவனேந்திரன் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டிவிடுவார். மழையானாலும் பனியானாலும் இது தவறாது. "பிஸ்கற் வேகுது. பார்க் ரோயல் வந்திட்டுது" என்பார், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும். வழி சொல்லும் போன் இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் கெஞ்சும். அவரோ மூக்கு சொன்ன பக்கம் போவார். மூக்கும் சில நாள் காலை வாரும். ஒருமுறை "பாண் வாசம்" என்று பேக்கரியை நம்பி நுழைந்த இடம் பெயின்ற் கொம்பனி. அதை அவரிடம் நினைவூட்டாமல் இருப்பது நல்லது.

தெற்கு லண்டன் நோர்பரியில் வீடு. தொழிற்சாலைக் கன்ரீன்களுக்கு அரிசி, எண்ணெய், மிளகாய்த்தூள் இறக்குவது தொழில். லண்டனைச் சுற்றி ஆலைகளும் கிடங்குகளும் ஒரு பெரிய வளையமாய்க் கிடக்கின்றன. குரோய்டனில் இரட்டைப் புகைபோக்கி, கிழக்கே டாகன்ஹாமில் மோட்டார் வேலை, ஆற்றங்கரையில் சீனி, மேற்கே விமானங்களுக்குச் சோறு கட்டும் சமையற்கூடங்கள். அந்த வளையத்தில் அவர் போகாத சந்து இல்லை. நடுவில் இருக்கும் லண்டன்தான் தெரியாது. "உள்ளுக்கை என்ன கிடக்கு? ஒரு மணிக்கூடு. அது என்ரை கையிலயும் கிடக்கு" என்று கைக்கடிகாரத்தைக் காட்டுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன மாதம் யோகமலர் அகப்பட்டார். மனைவி ரஞ்சனாவின் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். இளவயதில் காங்கேசன்துறை சீமெந்து ஆலைக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. போரில் ஆலை மூடியதோடு அதுவும் போயிற்று. "படிச்ச பெட்டையை வான் ஓடுறவனுக்கோ குடுக்கிறது?" என்று கல்யாணத்தின்போது கேட்டவர் அவர்தான். இன்றுவரை தங்கை புருசனை முறை சொல்லி அழைத்ததில்லை. எதிரே நிற்கும்போதும் சுவரைப் பார்த்து, "ரஞ்சியின்ரை மனிசன் தேத்தண்ணி குடிச்சிட்டாரோ?" என்பார். அந்த வாயால் ஒரேயொரு 'தம்பி' கேட்டுவிட வேண்டும் என்பது புவனேந்திரனின் நெடுநாள் ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அரண்மனை காட்டுவதாக இருந்த ரஞ்சனாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறிவிட்டது. "நீங்கள் கூட்டிக்கொண்டு போய் லண்டனை வடிவாக் காட்டுங்கோ" என்றுவிட்டு ஓடினாள். மனிதரும் காட்டினார், தனக்குத் தெரிந்த லண்டனை. அவருக்கு அன்று வேலை நாள் வேறு. பட்டுச்சேலையும் மினுங்கும் கைப்பையுமாய் யோகமலர் முன் சீட்டில், பின்னால் அரிசி மூட்டைகள்.

"மச்சாள், உது சவுக்காரம் செய்யிற இடம். உங்காலை முழுக்கக் குளிர்க்கிடங்கு. அங்காலை பார்க் ரோயல் எண்டு ஒரு இடம், பிஸ்கற் வாசம் ஊரைத் தூக்கும்."

"மாளிகை எப்ப வரும்?" என்று குரோய்டனில் கேட்டார் யோகமலர். டாகன்ஹாமில் கேட்பதையும் விட்டுவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. 'கெட்டுது குடி' என்று தெரிந்தும் புவனேந்திரனுக்கு வாய் நிற்கவில்லை. பயம் வந்தால் அவருக்குப் பேச்சு கூடும்.

கடைசியாக ஆற்றங்கரைச் சீனி ஆலை. வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் சிரித்துப் பேசியபடி வாசலால் வந்தார்கள். யோகமலர் அவர்களையே பார்த்தார்.

"இது இன்னும் நடக்குதோ?"

"ஓம் மச்சாள். இரவு பகலா."

"எங்கடை நிண்டு போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. வீடு வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது கோபமா, துக்கமா என்று தெரியாமல் புவனேந்திரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ரஞ்சனாவுக்கு லீவு. "அக்கா, வெளிக்கிடுங்கோ. ரெயினிலை மாளிகை பாக்கப் போவம். இந்த மனிசனை நம்பி உங்களை விட்டனே" என்றபடி வந்தால் அக்காவைக் காணோம். அறை அறையாகத் தேடிவிட்டு வாசலுக்கு வந்தாள். அக்கா வானின் முன் சீட்டில், பெல்ட்டும் போட்டு இருந்தார்.

"மாளிகை அங்கைதானே நிக்கும், பிறகு பாப்பம்" என்றார் தங்கையிடம். பிறகு ஸ்டியரிங்கில் இருந்த புவனேந்திரன் பக்கம் திரும்பி, நேரே முகம் பார்த்து, "தம்பி, பிஸ்கற் வாசம் எண்டீரே, அங்கை இண்டைக்குப் போறீரோ?" என்றார்.

புவனேந்திரன் சாவியைத் தலைகீழாகச் செருகிவிட்டு, மறுபடி திருப்பிச் செருகினார். ஒருவழியாய் வான் புறப்பட்டது. முதல் சந்தி வரும் முன்னமே யோகமலர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, மூக்கை வெளியே நீட்டினார்.