இரண்டு இடது சக்கரங்கள்

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மருமகள் ஆன்லைனில் ஆர்டர் செய்த செருப்பு. ஆசையாகப் பிரித்தாள். ஒன்றைக் காலில் போட்டாள்... அழகு! இன்னொன்றையும் போட்டாள் — முகம் மாறிவிட்டது.

இரண்டுமே இடது கால்.

"கண்ணை மூடிட்டா பேக் பண்றீங்க?" என்று அவள் கஸ்டமர் கேரைக் காய்ச்சிக்கொண்டிருக்க, நான் சோபாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். "என்ன அத்தை, உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று என் மேல் பாய்ந்தாள். பின்னே என்ன செய்ய? ஒரு காலத்தில் ஓர் எஞ்சினுக்கே இரண்டு இடது கால் செய்து மாட்டியவள் ஆயிற்றே நான்!

அறுபதுகளின் நடுவில்... நெய்வேலி. கல்யாணமாகி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிது. இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து என்னிடம் திட்டு வாங்கும் என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். அப்போது அவர் மைன்ஸில் ஃபிட்டர். ஷிஃப்ட் மாறி மாறி வரும்.

டவுன்ஷிப்பில் எல்லாமே ஒரே மாதிரி. வீடு, ஜன்னல், கதவின் பெயின்ட் வரைக்கும். தூக்கக் கலக்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் அடுத்த தெரு வீட்டில் நுழைந்து, "காபி கொண்டா" என்று உட்கார்ந்த கூத்தெல்லாம் உண்டு. அதனாலோ என்னவோ, எங்களுக்கு 'ஒரே மாதிரி' என்றால் 'சரியாக இருக்கிறது' என்றே அர்த்தமாகிவிட்டது.

பக்கத்து வீட்டுத் தனம் அக்கா குறிஞ்சிப்பாடிக்காரர், நெசவுக் குடும்பத்துப் பெண். அக்காவின் வீட்டுக்காரர் ராமலிங்கம் அண்ணனும் இவரும் ஒரே ஷிஃப்ட். ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நைட் ஷிஃப்ட் வாரத்தில் இரண்டு வீட்டிலும் ஆண் துணை இருக்காது. முந்திரிக் காட்டிலிருந்து நரி ஊளையிடும். நான் பிள்ளைத்தாய்ச்சி. வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? பயந்து செத்தேன்.

"ஒர்க்ஷாப்புக்கு மாத்திட்டா ஜெனரல் ஷிஃப்ட், பகல் வேலை மட்டும்தானேங்க?" என்று நச்சரித்தேன்.

"வழி இருக்கு" என்றார் இவர். பொங்கலுக்கு கிளப்பில் கைவேலைக் கண்காட்சி நடக்கும். ஒர்க்ஷாப் ஃபோர்மேன் பார்க்க வருவார். ஃபோர்மேனுக்கு நல்ல ஆள் தேவைப்பட்டது. இவரோ கொஞ்ச நாளாகவே ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். லாரி வராத காலத்தில் ரோட்டில் பாரம் இழுத்துப் போன எஞ்சினாம். பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்துப் பிடித்த பைத்தியம்! பித்தளைக் குழாயில் பாய்லர், மேலே புகைபோக்கி. பார்க்கிறவர்கள் எல்லாம் "ரோட் ரோலர் அழகா இருக்கே" என்பார்கள். இவருக்குச் சுர்ரென்று ஏறும்.

சின்ன முன் சக்கரம் இரண்டும் தயார். தோசைக்கல் அகலப் பின் சக்கரம் இரண்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. லைட் டியூட்டி. எஞ்சினைப் பார்ப்பார், கட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

"இன்னா தம்பி, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு? நாங்க அடிச்சுத் தர்றோம்" என்றார் தனம் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. இரும்பு வளையங்களை அளவாக வெட்டி, துளை போட்டுக் கொண்டுவந்து தந்தார் ராமலிங்கம் அண்ணன். ஆரக்கால்களை வைத்து ரிவிட் அடித்தது நாங்கள். நான் பிடித்துக்கொள்ள, அக்கா அடிப்பார். அக்கா பிடிக்க நான் அடிப்பேன். விரல் நசுங்கியது, வளையல் உடைந்தது... சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை. கடைசியாக, சக்கரம் மண்ணில் வழுக்காமல் இருக்க, வளையத்தின் மேல் சின்னச் சின்ன இரும்புப் பட்டைகளைச் சாய்வாக வைத்து அடிக்க வேண்டும்.

முதல் சக்கரம் முடிந்தது. இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்! இன்னொண்ணும் இதே மாதிரி அடிச்சுடுங்க."

கவனித்தீர்களா? இதே மாதிரி!

புடவையின் இரண்டு கரையும் நூல் பிசகாமல் ஒன்றுபோல வர வேண்டும் என்று வளர்ந்தவரிடம் போய் இதைச் சொன்னால்? அக்கா முதல் சக்கரத்தை எதிரில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பட்டையும் அதே சாய்வில், அதே இடத்தில். எது முதலில் செய்தது என்று எங்களுக்கே தெரியவில்லை.

கண்காட்சி அன்று எஞ்சின் புகை விட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் ஒரு குட்டி டிரெய்லர், அதில் நெய்வேலிக் கரி. மைதானத்துச் செம்மண்ணில், கயிறு கட்டிய பாதையில் நேராக ஓடி ஃபோர்மேன் முன்னால் நிற்க வேண்டும். கிளம்பியது. கைதட்டல். கொஞ்ச தூரம் போனதும் மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. இவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். அது கேட்டால்தானே? கயிற்றைத் தாண்டி, பக்கத்து ஸ்டாலில் இருந்த சாமந்தித் தொட்டியில் முட்டிக்கொண்டு நின்றது.

ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். "யோவ், ரெண்டுமே இடது சக்கரமா இருக்கேய்யா!"

ஒரு பக்கம் சாய்வு இப்படி இருந்தால் மறுபக்கம் எதிராக இருக்க வேண்டுமாம். அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தி, நேராகப் போகுமாம். "கழட்டித் திருப்பி மாட்டினா சரியாயிடும் சார்" என்று இவர் அவசரமாகக் கழற்றினார். திருப்பினார். அதே சாய்வு! மறுபடி திருப்பினார். அதே சாய்வு! வேண்டுமானால் ஸ்க்ரூ ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், புரி மாறுகிறதா என்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ரிவிட் யாரு அடிச்சது? சுத்தமா இருக்கே."

தானே அடித்ததாக இவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என் சம்சாரமும் பக்கத்து வீட்டு அக்காவும் சார்."

"அப்ப ஒர்க்ஷாப்புக்கு அவங்களைத்தான்யா எடுக்கணும்!" என்று சிரித்துவிட்டு ஃபோர்மேன் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

ஜெனரல் ஷிஃப்ட் அந்தச் சாமந்தித் தொட்டியோடு போயிற்று. வீடு வரும் வரை அழுதேன். சக்கரங்களை இரண்டு கையிலும் வைத்து வெறித்துக்கொண்டே வந்த தனம் அக்கா, வாசலில் நின்று சொன்னார்:

"ஏன் தங்கச்சி, நம்ம வூட்டு ஆளுங்களும் இந்தச் சக்கரம் மாதிரிதான? ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்டுக்கு ஓடிக்கினு கீறாங்க. ஒருத்தரு நைட்டுன்னா ஒருத்தரு வூட்டுல இருந்தா, உனக்கு இன்னா பயம்?"

இது ஏன் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை? மறுநாளே ராமலிங்கம் அண்ணன் வேறொருவருடன் மியூச்சுவல் பேசி ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். சைக்கிள் டபுள்ஸ் போயிற்று. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எந்நேரமும் ஓர் ஆண் துணை வந்தது.

மாசியில் ஒரு நடுராத்திரி எனக்கு வலி எடுத்தது. இவர் நைட் ஷிஃப்டில். சுவரைத் தட்டினேன். அக்கா ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் சைக்கிளை மிதித்துப் போய் ஆஸ்பத்திரி வண்டியோடு வந்தார். இவர் ஷிஃப்ட் முடிந்து வந்து சேர்ந்தபோது, பிள்ளை அண்ணன் கையில் இருந்தான்.

அந்தப் பிள்ளையின் மனைவிதான் செருப்பு ஆர்டர் செய்தவள்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அது சரி அத்தை, ஆனா உங்க பையனும் நானும் எதுலயுமே ஒத்துப் போக மாட்டேங்கிறோமே" என்று அலுத்துக்கொண்டாள்.

நல்லதாகப் போயிற்று... வண்டி நேராக ஓடும்!