இடது பக்கத்து மேட்

இது நடந்தது. என் அக்காமீது சத்தியமாக நடந்தது. தேதி, மணி, மேட் வாங்கிய பில் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் ஒரு தகவல். வாலாஜாபாத்திலிருந்து திருப்புட்குழி வரை, கார் மேட் விஷயத்தில் என் அளவுக்கு அறிந்தவர் ஒருவரும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினோரு நாள் ஆராய்ச்சி, நாற்பத்து மூன்று வீடியோ. துணி மேட் மழையில் நாறும். தோல் மாதிரி தைத்த மேட் ஓரம் பிரியும். நாலு பக்கமும் விளிம்பு உயர்ந்து, தாம்பாளம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும் ரப்பர் மேட் ஒன்றுதான் வெயில், மழை எல்லாவற்றுக்கும் தாங்கும். இது என் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

இன்னொரு தகவல். இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதிப்பவர்களைப் பற்றி எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவன் நான். 'ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டுநர்கள். அதில் ஒருவருக்கு ஓட்டவே தெரியாது' என்று ஆரம்பிக்கும். மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் சிரித்தார்.

அந்தக் கட்டுரையின் நாயகர் என் அப்பா கைலாசம். பட்டு நெய்பவர். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதிப்பலகையை மாற்றி மாற்றி மிதித்தே வளர்ந்த கால். காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். வண்டி நகர்ந்ததும் வெறுங்கால் தானாக வேலையை ஆரம்பித்துவிடும். நான் ஓட்டினால் வாலாஜாபாத் போவதற்குள் அரை முழம் நெய்துவிடுவார்.

கார் வாங்கியதே அக்காவுக்காகத்தான். ஏலவார்குழலி. தென்னேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதமே தங்காமல் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டோம். போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு வளைகாப்பு. அன்றே அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பஸ் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பழைய கார் ஒன்று. மழைக்காலம், அவள் கால் வழுக்கக் கூடாது. அதனால் மேட்.

வியாழக்கிழமை காலை 10.45. ஓரிக்கைப் பக்கம் பிரேம்நாத் அண்ணன் கடை. நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. வெளியே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"வண்டி எங்க எடுத்த?"

"வாலாஜாபாத்ல ஒரு புரோக்கருகிட்டண்ணா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

உள்ளே போய் நான்கு மேட்டை எடுத்து வந்தார். அளவெடுக்கவில்லை. என்ன மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. நான்கும் கச்சிதமாகப் பொருந்தின. எனக்கு அப்போதே சந்தேகம். அளவெடுக்காமல் பொருந்துவது எதுவும் நல்லதுக்கு இல்லை.

பழைய மேட்டைத் தூக்கினார். அடியில் கறுப்பாக நைஸ் வண்டல். அதில் ஒரு சின்ன நத்தை ஓடு.

"வண்டிக்கு நத்தை இலவசம் போலண்ணா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஓட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிரைவர் பக்கத்து மேட்டைக் கொக்கியில் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். மறுபடி.

"மேட்டு மேல மேட்டு போடாத தம்பி. புதுசு அழுக்காவக் கூடாதுன்னு மேல ஒண்ணு விரிப்பானுங்க."

"மாட்டேண்ணா."

"போட மாட்டல்ல?"

"ஒரு மேட்டு விக்கிறவரு ரெண்டாவது மேட்டு வேணாங்கிறீங்க. வித்தியாசமான கடைண்ணா."

இடது பக்கத்து மேட்டைப் போடும்போது மட்டும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்க யாரு உக்காருவாங்க?"

"எங்கப்பா. இல்லாத பிரேக்கை மிதிச்சிக்கினே வருவாரு. அதப் பத்தி நான் ஒரு கட்டுரையே எழுதிக்கிறேண்ணா." சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

காலடியில் எரிகிற நீல விளக்கு ஒன்றும் போட்டுக் கொடுத்தார். நான் வண்டியைத் திருப்புவதற்குள் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மணி 11.30. பகல்.

வெள்ளிக்கிழமை காலை 6.50. வண்டியைத் துடைக்கப் போனேன். இடது மேட்டில் ஈரமாக ஒரு பாதம். வெறுங்கால். வலது கால் மட்டும். புது ரப்பரில் முன்பாதம் அழுத்தமாக, குதிகால் லேசாக. வேறு யார்? அப்பாதான். நிற்கிற வண்டியிலும் பயிற்சி எடுக்கிறார். கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்கு விஷயம் கிடைத்தது என்று துடைத்துவிட்டேன். துணியில் ஏரிச்சேறு வாடை.

சனிக்கிழமை காலை 6.50. மறுபடி அதே கால்.

ராத்திரி பூட்டியது நான். சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது. ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தேன். மேலே எல்லாம் காய்ந்து கிடந்தது. மேட்டின் விளிம்புக்குள் மட்டும் அரை டம்ளர் தண்ணீர்.

அப்பாவிடம் போனேன். தறியில் இருந்தார்.

"ராத்திரி வண்டில உக்காந்தியாப்பா?"

"நீ ஓட்டுற வண்டில பகல்லயே உக்கார மாட்டேன். போடா."

குழியில் அவர் கால் தெரிந்தது. அகலமான பாதம். விரல்கள் விரிந்து கிடக்கும். திரும்பி வந்து மேட்டைப் பார்த்தேன். இது ஒடுங்கிய பாதம். கட்டை விரலுக்கு அடுத்த விரலில் குறுக்காக ஒரு கோடு.

மெட்டி.

அம்மாவைக் கேட்டேன். "நான் எதுக்குடா உன் வண்டில தனியா போயி உக்காரப் போறேன்?" என்றாள். அம்மாவின் பாதமும் அகலம்தான்.

பிரேம்நாத் அண்ணன்மீது சந்தேகம் கெட்டியானது. பழைய மேட்டைக் கழுவி விற்றுவிட்டார், அச்சு உள்ளே ஊறியிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அறிவியல்பூர்வமான முடிவு. சண்டை போடப் போனேன். கடை பூட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலரைக்கு ராகுகாலம் பிடித்தது. ஆறு மணிக்கு ராகுகாலம் விட்டது. மழை பாதிதான் விட்டது. அப்பா உறவுக்காரர்களோடு வேனில் நாலு மணிக்கே போய்விட்டார். "அவன்கூட நான் வரல" என்று மேளம் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பின் சீட்டில் அக்கா காலை நீட்டி, அம்மா மடியில் வைத்திருந்தாள். முன்னால் இடது சீட்டில் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு பாத்திரங்கள். அதற்குக் கீழே மேட் காலி.

அக்காவின் மாமியார் கமலவேணி அத்தை ஜன்னல் பக்கம் குனிந்தார். "பாத்துப் போப்பா குமாரு. ஏரி ரொம்பி வழியுதாம்."

"ஆல் வெதர் மேட் போட்டுக்கிறேன் அத்தை. ஏரியே உள்ள வந்தாலும் பிடிச்சு வெச்சிக்கும்."

இதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

6.08. கிளம்பினோம்.

6.17. ஏரிக்கரை ரோடு. இருட்டிவிட்டது. தூறல். வேகம் முப்பது. வலது பக்கம் ஏரி. தண்ணீர் தெரியவில்லை. சத்தம் மட்டும்.

6.20. நாற்பது.

சளக்.

ஈரத் துணியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். முன்னால். என் பக்கத்தில்.

"என்னடா சத்தம்?" அக்கா கேட்டாள்.

"சோத்துப் பாத்திரம்கா."

6.22. நாற்பத்தைந்து.

சளக்… சளக்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். நீல விளக்கு வெளிச்சம். மேட்டில் அந்தப் பாதம். காலையில்தான் துடைத்திருந்தேன். இப்போது ஈரமாக… புதிதாக…

வேகத்தைக் குறைத்தேன். முப்பது.

அச்சைச் சுற்றித் தேங்கியிருந்த தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. கால் எடுத்த இடத்தில் தண்ணீர் வருமே, அப்படி.

சந்தேகம். மறுபடி நாற்பது வைத்துப் பார்த்தேன்.

சளக்.

தண்ணீர் ஒதுங்கியது. ரப்பர் அமுங்கியது.

என் கண்ணால் பார்த்தேன்.

"குமாரு." அக்கா குரல் இறங்கியிருந்தது. "முன்னாடி யாரு வளையல் போட்டுக்கினு இருக்காங்க?"

"உன் கைதான்கா ஆடுது."

"என் கைய அம்மா புடிச்சிக்கினு இருக்குது."

கிணிங்.

இடது கதவுக்கு மேலே கைப்பிடி. அந்த உயரத்திலிருந்து வந்தது. யாரோ இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி…

அம்மா ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஏகாம்பரநாதர் பெயர் மட்டும் புரிந்தது.

6.25. இருபது. அதற்குக் கீழே போக எனக்குத் தைரியம் இல்லை. நிறுத்தவும் தைரியம் இல்லை.

சளக். சளக். சளக்.

இருபதிலும் மிதித்தது.

பதினைந்து.

சளக். சளக். சளக். சளக்.

கிணிங் கிணிங் கிணிங்.

பத்து.

மேட் பள்ளமாக அமுங்கியது. எடுக்கவே இல்லை.

நானும் மிதித்தேன். இருக்கிற பிரேக்கை.

6.26. வண்டி நின்றது.

வைப்பர் ஒரு தடவை போய் வந்தது.

முன்னால் வளைவு. விளக்கு வெளிச்சத்தில் ரோடு பத்தடி தெரிந்தது. அதற்கு அப்புறம் இல்லை.

ரோடே இல்லை. கரை அரித்து, பாதி ரோடு ஏரிக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் சத்தமே இல்லாமல் சுழன்றது.

அம்மா அக்காவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் மெதுவாக… சளக்.

கால் எடுத்த சத்தம்.

ரிவர்ஸிலேயே வந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. சுற்றுவழியில் 7.50க்கு வீடு. அக்கா வயிற்றில் கைவைத்தபடியே இறங்கினாள். "உதைக்குதுடா," என்றாள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் பெண் குழந்தை. இருவரும் நலம்.

அதற்கு மறுநாள் கடைக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. பிரேம்நாத் அண்ணன் மேஜைமேல் அந்த நத்தை ஓடு இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினி மணிக்கு நின்ன?"

"ஆறு இருபத்தாறு."

தலையாட்டினார்.

"அகிலா. என் வீட்டுக்காரி. ரெண்டு வருஷம் ஆவுது. அதே வளைவு. இதே வண்டி. நான்தான் ஓட்டுனேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"கடைல புது மேட்டு வந்துச்சு. அழுக்காவக் கூடாதுன்னு அதும்மேல பழசு ஒண்ணு விரிச்சி வெச்சிருந்தேன். அது நகுந்து பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு. மிதிக்கிறேன், எறங்க மாட்டேங்குது. வண்டி ஏரிக்குள்ள போயிடுச்சு. நான் கதவத் தொறந்து வெளிய வந்துட்டேன். அவ வரல. தண்ணியிலேந்து எடுத்த வண்டிய அப்பவே வந்த விலைக்குத் தள்ளி விட்டுட்டேன். எவனோ சரி பண்ணி வித்துக்கிறான்."

"ஏண்ணா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா? கட்டுரை எழுதியிருப்ப."

நியாயம்தான்.

"ஏரிக்கரை ஏறுனதுலேந்தே மிதிச்சிக்கினே வந்தா. மெதுவா போ, மெதுவா போன்னு. 'அங்க பிரேக்கு இல்லடி'ன்னு சிரிச்சேன்." ஓட்டை விரலால் நகர்த்தினார். "அவகிட்ட நான் கடைசியா பேசுனது அதான்."

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அண்ணா… அந்த வளையல் சத்தம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார்.

"அன்னிக்குதான் அவளுக்கு வளைகாப்பு."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை விற்கவில்லை. விற்கலாம் என்று அப்பா சொன்னார், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்கு அகிலா என்று பெயர் வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சுவர்ப் பத்திரிகையிலிருந்து என் கட்டுரையை நானே கிழித்துவிட்டேன். நான்காவது ஆள் படித்துக்கொண்டிருந்தபோது.

போன வாரம் குழந்தையைத் தென்னேரிக்கு அழைத்துப் போனோம். அக்கா வீட்டுக்காரர் ஓட்டினார். பின் சீட்டில் அக்கா, குழந்தை, அப்பா. இடது சீட்டில் உட்கார யாரும் முன்வரவில்லை. நான் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மழை இல்லை. நல்ல வெயில். காலை 10.10. மேட் காய்ந்திருந்தது. ஏறும்போது தொட்டுப் பார்த்தேன்.

ஏரிக்கரை ரோடு. அரித்த இடத்தை அடைத்துப் புதுத் தார் போட்டிருந்தார்கள். வேகம் நாற்பது.

என் வலது கால் தானாக முன்னால் போனது. மிதித்தேன். பின்னாலிருந்து அப்பா பார்த்தார்.

உள்ளங்காலில் ஈரம் பட்டது.

நான் காலை எடுக்கவில்லை.