புயல் மாதத்துக்கு ஒரு டிக்கெட்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுவதுதான் என் வேலை. எந்தத் தீவுக்கு எந்த மாதம் நல்லது என்று கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். எனக்கு வாய்த்த ஒரே தீவு இதுதான். இதன் மழையையும் வெயிலையும் நான் தெரிவு செய்ததில்லை.

ஒரு நாள் ஒரு அன்ரி வந்தா. மெலிந்த உடம்பு, கையில் நனைந்த குடை. கதிரையில் இருந்ததும் மேசையிலிருந்த மொரீசியஸ் படப்புத்தகத்தை எடுத்தா. அதிலிருந்த நீலக் கடலை ஏறெடுத்தும் பார்க்காமல், அதாலேயே விசிறிக்கொண்டு கதைத்தா. மகள் அங்கேதானாம்.

"செப்டம்பர், ஒக்டோபர்தான் திறம், அன்ரி. மழை குறைவு, வெக்கையும் இல்லை. ஜனவரி, பெப்ரவரி மட்டும் வேண்டாம். புயல் வந்தா பிளைட்டையே நிப்பாட்டிப் போடுவாங்கள்."

விசிறின கை நின்றது. "உண்மையாவோ?"

"ஓம், அன்ரி."

"அப்ப பெப்ரவரிக்கே போடுங்கோ, பிள்ளை." குரலைத் தாழ்த்தினா. "மருமகன் ரெண்டு கிழமைக்குத்தான் வரச் சொன்னவர். புயலெண்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாதுதானே. மகளோட இன்னும் ரெண்டு நாள் நிக்கலாம்."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக மழைக்குள் இறங்கிப் போனா.

அந்த மகளை நான் கண்டதே இல்லை. ஆனாலும் இப்போது என் வயிற்றெரிச்சல் முழுக்க அவள்மேல்தான். இங்கே கிட்டத்தில், வத்தளையில் இருக்கிற என் அம்மா எப்போதாவதுதான் என்னைப் பார்க்க வருவா. வானம் கொஞ்சம் இருண்டால் போதும், "மழைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கவேணும்" என்று தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவா.