புதுசு கடைசியில்

அகரவரிசை என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றும் உடம்பெல்லாம் எரிகிறது. அதை எங்கள் ஆபீசுக்குள் கொண்டுவந்தவர் என் டீம் லீடர். வாயைத் திறந்தால் ‘நீட்டா இருக்கணும்’ என்பார்.

சதுரங்கப்பட்டினம் பக்கம் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் மென்பொருள் பார்த்துக்கொடுக்கிறோம். அது ஓடுவது ஒரு பழைய சர்வர் மெஷினில். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தாத்தா என்று கேலி செய்வார்கள். தாத்தா ஒருநாளும் படுத்ததில்லை. படுக்கவைப்பதெல்லாம் நாங்கள்தான்.

அந்த மெஷினில் எல்லாப் புரோகிராம்களும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொது நூலகம் உண்டு. மீன் எதுவரை தாங்கும் என்ற கெடு தேதி கணக்கிட ஒன்று, பெட்டி கிளம்பும் தேதிக்கு ஒன்று என்று அதற்குள் நிறையச் சின்னச் சின்ன வேலைக்காரர்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய புரோகிராம்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பட்டியலில் இத்தனையாவது ஆள் என்றுதான் கூப்பிடும். பட்டியல் மாறினால் மெஷின் தானே கண்டுபிடித்து நிறுத்திவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாப் புரோகிராமையும் திரும்ப உருவாக்க முடியாது என்பதற்காக, பட்டியலின் அடையாள எண்ணை நாங்களே மாறாமல் வைத்திருந்தோம்; பட்டியல் மாறினாலும் மெஷினுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, பழைய ஆட்கள் இடம் நகராமல் இருக்க ஒரே ஒரு கட்டுப்பாடு: புதுசு கடைசியில். பட்டியலின் தலையிலேயே அதை எழுதி வைத்திருந்தேன்.

டீம் லீடர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். சேர்த்த கையோடு மொத்தப் பட்டியலையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டார். அவர் புது வரிசைப்படி உருவாக்கிய புரோகிராம் ஒழுங்காக ஓடியது. அவருக்குத் திருப்தி. பழைய லேபிள் புரோகிராம் வழக்கமான இடத்தில் கெடு தேதியைக் கேட்டது. அங்கே இப்போது உட்கார்ந்திருந்தது கிளம்பும் தேதி. மெஷின் மூச்சு விடவில்லை. லாரியில் போன மீன் பெட்டிகள் எல்லாம், கிளம்பிய அன்றே கெட்டுப்போகும் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு போய், அப்படியே திரும்பி வந்தன.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்தக் கம்பெனியில் லேபிள் ஒட்டுவது என் அண்ணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்திலிருந்து கம்பெனி வேனில் போகிறவள். பல வருஷம் ஐஸ் தண்ணீரில் நின்று மீன் கழுவி, கால் விரலெல்லாம் வெந்து, அதன் பிறகு கிடைத்தது அந்த லேபிள் மேசை. கதவோரம், காய்ந்த தரை, உட்கார ஒரு ஸ்டூல். அவளுக்கு அந்த இடம்தான் எல்லாம். சூப்பர்வைசர் அவளை எழுப்பி, இனி வேலைக்கு வராதே என்று வெளியே அனுப்பிவிட்டான்.

போனில் அழவில்லை, கத்தினாள். “தப்பு பட்டன அமுக்கிட்டனாம்மா! அந்த மெஷின்ல கீறதே ஒரு பட்டனு. தப்பு பட்டனுக்கு நான் எங்க போவேன்?”

நான் தங்கியிருக்கும் ஊரப்பாக்கத்தில் ரயிலேறும்போதே எனக்குச் சந்தேகம். ஆபீசில் பட்டியலைத் திறந்தேன். என் வரி அப்படியே தலையில் இருந்தது, அதற்குக் கீழே எல்லாம் அகரவரிசையில். நேராக அவர் மேசைக்குப் போனேன்.

“கன்னாபின்னான்னு கெடந்துச்சு, நீட்டா அடுக்கினேன். அதுல என்ன?” என்றார். விளக்கினேன். முகம் வெளுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “பேக்கிங்ல ஆபரேட்டர் மிஸ்டேக்னு அவங்களே சொல்றாங்க. நாம ஏன் வாயக் குடுக்கணும்? சைலண்ட்டா மாத்திடுங்க” என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இவ்வளவு அமைதியாக ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மேசையில் இருந்த காபியை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்தால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது. கவிழ்க்கவில்லை. அன்றைக்கு மீன் கம்பெனிக்காரர்களோடு பேசும் கூட்டத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன்: “தப்பு எங்களோடது. நாங்க வரிசைய மாத்திட்டோம். லேபிள் ஒட்டினவங்க மேல ஒரு தப்பும் இல்ல.” டீம் லீடர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

பட்டியலைப் பழையபடி வைத்தேன், லேபிள் சரியாக வந்தது. டீம் லீடர் அதே நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறார். என்னைத்தான் ‘டீம் ஸ்பிரிட் போதாது’ என்று கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து காலில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

“லேபிள் மேசை?”

“அங்க வேற ஒருத்தி குந்திகினு கீறா. நான் ஐஸ் ரூமு கதவாண்ட.”

எங்கள் பட்டியலில் யாரும் கூப்பிடாத பழைய பெயர்கள்கூட உண்டு. அவற்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க நான் விட்டதேயில்லை.

“தப்பு உன்னோடது இல்லன்னு சொல்லிட்டேனே அண்ணி! அந்த சூப்பர்வைசரு இன்னாதான் சொல்றான்?”

“கத்தாதம்மா, கொயந்த தூங்குது,” என்றாள். எண்ணெயை இன்னொரு காலுக்கு எடுத்துக்கொண்டாள். “வெளிய போய்ட்டு வந்தா புதுசு தானாம். புதுசு கடைசிலதான் நிக்கணுமாம்.”